குட்டி யானைக்கு எக்ஸ்ட்ரா பட்டை: வாசல்லயே வண்டி வேலை பார்த்த கதை

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன வாரம் "அடுத்து வண்டி வேலை பத்திப் பேசறேன்"னு சொன்னதும், பாதிப் பேர் புல்லட்டா, ஆர்எக்ஸ் 100ஆன்னு கேட்டிருந்தீங்க. ரெண்டும் இல்லை. எங்க வீட்டு வாசல்ல நிக்கிறது ஒரு லோடு வண்டி. டாடா ஏஸ். அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடறதில்லை, குட்டி யானைதான்.

இன்னைக்கு ரெண்டு விஷயம் கலந்து வரும். இந்த மாதிரி ஒரு சின்ன பிக்கப் வண்டிக்கு வீட்லயே என்னென்ன வேலை பார்த்துக்கலாம்ங்கிறது ஒண்ணு. நான் ஆசையா, பெருமையா பார்த்த ஒரு வேலையால எங்க அப்பா நாலு மாசம் கட்டில்ல கிடந்தது இன்னொண்ணு. ரெண்டாவதை இதுவரைக்கும் நான் வெளியில எங்கேயும் சொன்னதில்லை.

முதல்ல வண்டியைப் பத்திக் கொஞ்சம். பிக்கப்னு யூடியூப்ல தேடினா நமக்கு வர்றதெல்லாம் அமெரிக்க வீடியோதான். ஃபோர்டு எஃப்-150, இடுப்பு உயரத்துக்கு டயர், வீட்டோட ஒட்டினாப்ல ஒரு கராஜ், அதுல சுவர் முழுக்க டூல்ஸ். நமக்கு கராஜ்னா வாசல். பக்கத்து வீட்டு அங்கிள் ஸ்கூட்டி எடுக்கணும்னா, வண்டிக்கு அடியில படுத்திருக்கிற நாம எழுந்து வெளியே வரணும். மழை வந்தா வேலை க்ளோஸ்.

டாடா ஏஸ் வந்தது 2005ல. அதுவரைக்கும் சின்ன லோடுன்னா மூணு சக்கர ஆட்டோ, அதை விட்டா பெரிய வண்டி. நடுவுல இருந்த அந்த இடைவெளிக்குள்ள இது புகுந்துச்சு. இன்ஜின் 702 சிசி, ரெண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன். அந்தக் கால இண்டிகா காரோட 1405 சிசி டீசல் இன்ஜினை நினைச்சுக்கோங்க. அதுல கிட்டத்தட்ட சரிபாதி. இன்னைக்கு ரோட்ல ஓடற சில பைக் இன்ஜினே இதைவிடப் பல மடங்கு பவர் கொடுக்கும். ஆனா இது முக்கால் டன்னைத் தூக்கிக்கிட்டு சந்து பொந்தெல்லாம் போய்ட்டு வரும். 

அப்பா தாம்பரம் பக்கம் தண்ணி கேன் போடறவர். இருபது லிட்டர் கேன். தண்ணியே இருபது கிலோ, கேனோட சேர்த்தா கிட்டத்தட்ட இருபத்தொண்ணு. இந்த இருபத்தொண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி கணக்கு வரும்.

நான் ஐடி. அஞ்சு நாள் லேப்டாப். வண்டி வேலைக்குள்ள நான் வந்ததே ஒரு விடியக்காலை நாலரை மணிக்கு. சித்திரை மாசம், தண்ணிக்கு டிமாண்ட் உச்சத்துல இருக்கிற நேரம். டீசல் முள் கீழே வந்ததை அப்பா கவனிக்கலை. தெருமுனையில போய் நின்னுடுச்சு. கேன்ல டீசல் வாங்கிட்டு வந்து ஊத்தினோம். செல்ஃப் சுத்துது, சுத்துது, ஸ்டார்ட் ஆகலை. மெக்கானிக் போன் ஸ்விட்ச் ஆஃப். அப்பாவுக்குக் கஸ்டமர்கிட்ட இருந்து வரிசையா போன்.

நான் அங்கேயே பிளாட்பாரத்துல உக்காந்து படிச்சேன். டீசல் வண்டி டீசல் தீர்ந்து நின்னா, திரும்ப ஊத்தினா மட்டும் போதாது. லைனுக்குள்ள காத்து புகுந்திருக்கும். டீசலை அழுத்தினா சுருங்காது, அதனால அந்த அழுத்தம் அப்படியே போய் இன்ஜெக்டரைத் திறக்கும். காத்தை அழுத்தினா காத்து சுருங்கிக்கும், இன்ஜெக்டர் அசையாது. அதனால காத்தை வெளியேத்தணும். மெக்கானிக்குங்க "ஏர் எடுக்கிறது"ன்னு சொல்றது இதைத்தான். ஃபில்டர் மேல இருக்கிற சின்ன ஸ்க்ரூவை ரெண்டு மறை தளர்த்திட்டு, கைப் பம்ப்பைக் குத்திக்கிட்டே இருக்கணும். முதல்ல நுரையா பொங்கிட்டு வரும். நுரை நின்னு சுத்தமா டீசல் வழிஞ்சதும் ஸ்க்ரூவை இறுக்கிடலாம். அவ்வளவுதான். மூணாவது செல்ஃப்ல வண்டி உதறிக்கிட்டு எழுந்துச்சு. அப்பா ஒண்ணும் சொல்லலை. சாயங்காலம் வரும்போது எனக்கு ஒரு செட் ரிங் ஸ்பேனர் வாங்கிட்டு வந்திருந்தார்.

இங்க ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் எங்க வண்டி மாதிரி பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினுக்கு. உங்க பிக்கப் புதுசுன்னா, காமன் ரெயில்னா, இன்ஜெக்டர் பக்கம் போற கனமான பைப்பை ஓடற இன்ஜின்ல தளர்த்தவே கூடாது. உள்ளே ஆயிரம் பாருக்கு மேல அழுத்தம். அந்த டீசல் பீய்ச்சினா தோலைக் கிழிச்சு உள்ளே போயிடும். ஊசி போட்ட மாதிரி சின்னதா ஒரு புள்ளி தெரியும், உள்ளே சதை அழுக ஆரம்பிச்சிருக்கும். கையையே இழந்தவங்க உண்டு.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு இதுதான். இன்ஜின் ஆயில் மாத்தறது, ஏர் ஃபில்டரைக் கழட்டித் தட்டறது, நிப்பிள் இருக்கிற இடத்துலெல்லாம் கிரீஸ் அடிக்கிறது, பேட்டரி டெர்மினல்ல பூத்திருக்கிற பச்சையை வெந்நீர் ஊத்திக் கழுவறது. பேட்டரி கழட்டும்போது நெகட்டிவை முதல்ல, மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியா. காரணம் ரொம்ப சிம்பிள். வண்டியோட உடம்பு முழுக்க நெகட்டிவ். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைக் கழட்டப் போய், ஸ்பேனரோட மறுமுனை பாடியில பட்டுச்சுன்னா வெல்டிங் பட்டறை மாதிரி பொறி பறக்கும். நான் பண்ணியிருக்கேன். அந்த ஸ்பேனர்ல இன்னைக்கும் ஒரு பள்ளம் இருக்கு.

போல்ட் விஷயமும் அப்படித்தான். புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஒரு பயம், எங்கே லூசா இருந்திடுமோன்னு. அதனால ஸ்பேனர் மேல ஏறி நின்னு இறுக்குவோம். ஆயில் வடிக்கிற போல்ட்டை நான் அப்படி இறுக்கித்தான் மறை போச்சு. நம்ம ஊர்ல "மறை கழண்டவன்"னு திட்டுவாங்களே, அதோட முழு அர்த்தம் எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. இப்ப ஒரு டார்க் ரெஞ்ச் வெச்சிருக்கேன். எவ்வளவு இறுக்கணும்னு மேனுவல்ல போட்டிருப்பான், அந்த அளவுக்கு வந்ததும் டக்குன்னு ஒரு சத்தம் வரும், நிறுத்திடலாம்.

ஜாக்கி பத்தி மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா உயிர் போறது இதுலதான். வண்டியோட வர்ற ஜாக்கி ஸ்டெப்னி மாத்தறதுக்கு மட்டும். அதை நம்பி அடியில படுக்கக்கூடாது. "முட்டுக்கு ரெண்டு செங்கல் வெச்சிருக்கேன்"னு சொல்லுவாங்க. செங்கல், ஹாலோ பிளாக் இதெல்லாம் பரவலா பாரம் வந்தாத்தான் தாங்கும். ஒரே முனையில பாரம் வந்தா எந்த அறிவிப்பும் இல்லாம நொறுங்கும். ஜாக்கி ஸ்டாண்டுன்னு தனியா விக்கிறாங்க, மூணு கால் நாலு கால் வெச்சு, பின் போட்டு லாக் பண்றது. ரெண்டு வாங்குங்க. தூக்காத பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைங்க. தரை சிமென்ட்டா இருக்கணும். மண்ணா இருந்தா அடியில கனமான பலகை. வண்டியைத் தூக்கி வெச்சதும் அடியில போறதுக்கு முன்னாடி நல்லா ஒரு தடவை ஆட்டிப் பாருங்க. விழறதா இருந்தா அப்பவே விழட்டும். 

சரி, இப்ப அந்த விஷயத்துக்கு வரேன்.

எங்க வண்டிக்கு முக்கால் டன், அதாவது 750 கிலோதான் அனுமதி. வண்டியும் லோடும் ஆளும் சேர்த்து மொத்தம் 1,550 கிலோ. கேன் ஒண்ணு இருபத்தொண்ணுன்னா, முப்பத்தஞ்சு கேன் 735 கிலோ. சட்டப்படி அதுதான் கணக்கு. அப்பா நாற்பது ஏத்துவார். அதுக்கு மேல ஏத்தினா வண்டி பின்னாடி உக்காந்துடும். பள்ளத்துல இறங்கும்போது டயர் மேல போய் உரசற சத்தம் கேட்கும். அப்பாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. "போதும், கத்துது பாரு"ன்னு ரெண்டு கேனை இறக்கிடுவார்.

வெயில் காலத்துல காலையில மட்டும் அறுபது கேன் போகணும். அப்படின்னா ரெண்டு ட்ரிப். பிளான்ட்டுக்கும் ஏரியாவுக்கும் ஆறு கிலோமீட்டர், போக வர பன்னிரண்டு. நான் உக்காந்து கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு அறுபது எழுபது ரூபா டீசல், ஒரு மணி நேரம். இதை மிச்சம் பண்ணிக் கொடுக்கலாமேன்னு தோணுச்சு. பட்டை சேர்த்தா என்ன?

பட்டை தெரியும்ல? வண்டிக்கு அடியில வில் மாதிரி வளைஞ்ச இரும்பு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கும். லீஃப் ஸ்பிரிங். அதுல இன்னொண்ணு சேர்த்தா வண்டி உக்காராது. லோடு வண்டி வெச்சிருக்கிறவங்க நிறைய பேர் சாதாரணமா பண்ற வேலைதான். எங்க மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டேன். "அது நான் போடமாட்டேன் தம்பி, வேற யார்கிட்டயாவது கேட்டுக்க"ன்னார். ஏன்னு சொல்லலை. நானும் கேட்கலை. அவருக்கு வேலை ஜாஸ்தி, அதான் தட்டிக்கழிக்கிறார்னு நெனச்சேன்.

புதுப்பேட்டைக்குப் போனேன். சென்னையில வண்டி பார்ட்ஸ் கிடைக்காத இடமே அது கிடையாது. பக்கத்துக்கு ரெண்டு வீதம் நாலு பட்டை, நீளமான சென்டர் போல்ட், நீளமான யூ போல்ட், எல்லாம் சேர்த்து ரெண்டாயிரத்துச் சொச்சம். சனி, ஞாயிறு ரெண்டு நாள் வேலை. சென்டர் போல்ட்டைக் கழட்டும்போது பட்டை விரிஞ்சு தெறிக்காம இருக்க ரெண்டு பக்கமும் கிளாம்ப் போட்டேன். யூ போல்ட்டைக் குறுக்கும் நெடுக்குமா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினேன். நூறு கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப ஒரு தடவை இறுக்கினேன். வேலைன்னு பார்த்தா சுத்தமான வேலை. இன்னைக்கு வரைக்கும் நான் செஞ்சதுலேயே ஒழுங்கா செஞ்ச வேலை அதுதான்னு சொல்லுவேன்.

திங்கட்கிழமை அறுபது கேன் ஏத்தினோம். வண்டி நேரா நின்னுச்சு. உரசல் இல்லை. அப்பா ரெண்டு தடவை சுத்தி வந்து பார்த்தார். "யானைதான்டா"ன்னார்.

மூணு வாரம் நல்லாத்தான் ஓடிச்சு. நாலாவது வாரம், ஜி.எஸ்.டி. ரோட்ல ஒரு மேம்பாலத்து இறக்கம். கீழே சிக்னல்ல ஒரு லாரி நிக்குது. அப்பா பதினாலு வருஷமா அந்த இறக்கத்துல எங்கே பிரேக் மிதிப்பாரோ அங்கேதான் மிதிச்சிருக்கார். எவ்வளவு அழுத்தி மிதிப்பாரோ அவ்வளவு. வண்டி வேகம் குறைஞ்சுது. ஆனா நிக்கிற இடம் தள்ளிப்போச்சு. கடைசி நிமிஷத்துல முழு பலத்தையும் போட்டு மிதிச்சும் லாரியோட பின்பக்கம் போய் மோதிடுச்சு. வேகம் ரொம்ப இல்லை, அதனாலதான் ஆள் இருக்கார். ஆனா இந்த வண்டியில டிரைவருக்கு முன்னாடி இன்ஜின் கிடையாது, அது சீட்டுக்கு அடியில. முன்னாடி இருக்கிறது ஒரு தகரமும் ஒரு கண்ணாடியும்தான். வலது முழங்கால் எலும்பு உடைஞ்சுது. பின்னாடி இருந்த கேன் சரிஞ்சு கேபின் முதுகுல இடிச்சது தனி. 

எனக்கு ஆபீஸ்ல போன் வந்தது. போனதும் நான் முதல்ல கேட்டது "பிரேக் ஃபெயிலா?"ன்னுதான். 

வண்டியைத் தூக்கிட்டு வந்து மெக்கானிக் அண்ணன் நாலு சக்கரத்தையும் கழட்டிப் பார்த்தார். பேடு இருக்கு, ஷூ இருக்கு, ஆயில் அளவு சரியா இருக்கு, எங்கேயும் லீக் இல்லை, மிதிச்சா பெடல் கெட்டியா நிக்குது. "பிரேக்ல ஒரு குத்தமும் இல்லை தம்பி"ன்னார். அப்புறம் பட்டையைக் கையால தட்டிக் காமிச்சார். அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூட பரவாயில்லை.

அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து இன்னொரு கணக்குப் போட்டேன். காலி வண்டி எண்ணூறு கிலோ சொச்சம். அறுபது கேன் 1,260. அப்பா ஒரு எழுபது. மொத்தம் 2,100ஐத் தாண்டுது. 1,550க்குச் செஞ்ச பிரேக் அது. ஒரே மாதிரி மிதிச்சா பிரேக் கொடுக்கிற தடுக்கிற பலம் ஒரே அளவுதான். எடை மூணில் ஒரு பங்கு கூடினா, நிக்கிற தூரமும் மூணில் ஒரு பங்கு கூடும். நாற்பது கிலோமீட்டர் வேகத்துல, சமதளத்துல, பன்னிரண்டு மீட்டர்ல நிக்க வேண்டிய வண்டி பதினாறு மீட்டர்ல நிக்கும்னு வெச்சுக்கோங்க. இறக்கத்துல இன்னும் தள்ளிப்போகும். நாலு மீட்டர்ங்கிறது ஒரு முழு குட்டி யானையோட நீளம்.

இதுல என்னை ரொம்ப அரிச்சது வேற ஒண்ணு. பட்டை சேர்க்காம இருந்திருந்தா அறுபது கேன் ஏத்தவே முடிஞ்சிருக்காது. வண்டி உக்காந்து, டயர் உரசி, அப்பா இறக்கியிருப்பார். அந்தச் சத்தம் ஒரு கோளாறுன்னு நெனச்சு நான் ரிப்பேர் பண்ணினேன். வண்டி அப்பாகிட்ட "போதும்"னு சொல்லிக்கிட்டு இருந்த ஒரே வழி அதுதான். ஸ்டியரிங்ல தெரியாது, பெடல்ல தெரியாது. நான் வாயை அடைச்சுட்டேன். பிரேக்கைத் தொடலை, டயரைத் தொடலை, ஆக்ஸிலைத் தொடலை. பட்டையை மட்டும் மாத்தினா பட்டை மட்டும்தான் மாறும்னு நெனச்சுட்டேன்.

இதைவிட மோசமா ஒண்ணு உண்டு. பல பிக்கப், மினி டிரக்குல பின் ஆக்ஸிலுக்கு மேல ஒரு வால்வு இருக்கும். அதுல இருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ ஆக்ஸிலுக்குப் போகும். லோடுக்குத் தகுந்த மாதிரி பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு அது. எல்.எஸ்.பி.வி.ன்னு சொல்லுவாங்க. லோடு இருக்கா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்? வண்டி எவ்வளவு உக்காந்திருக்குங்கிறதை வெச்சுத்தான். நீங்க பட்டை சேர்த்து வண்டியை உக்கார விடாம பண்ணினா, ஒரு டன் ஏத்தினாலும் அந்த வால்வு "வண்டி காலியா இருக்கு"ன்னு நம்பி, பின் பிரேக்குக்குக் குறைச்சலா அனுப்பும். பிரேக் தேவைப்படற நேரத்துல பார்த்து குறைக்கும். உங்க வண்டியில இருக்கான்னு இந்த ஞாயித்துக்கிழமை குனிஞ்சு பாருங்க. வண்டியை உயர்த்தினா கெத்தா இருக்கும்னு லிஃப்ட் கிட் வாங்கி வெச்சிருக்கிறவங்க முக்கியமா பாருங்க.

நல்லவேளை, லாரிக்கு ஒண்ணும் பெருசா ஆகலை. அந்த டிரைவர் அண்ணன்தான் அப்பாவைத் தூக்கி ஆட்டோல ஏத்தினவர். பழைய வண்டிங்கிறதால எங்ககிட்ட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான். ஆஸ்பத்திரி செலவும் வண்டிச் செலவும் கைக்காசு. எவ்வளவுன்னு சொல்லலை, ஒரு நாளைக்கு எழுபது ரூபா வீதம் மிச்சம் பிடிச்சா எத்தனை வருஷம் ஆகும்னு நான் போட்ட கணக்கை மட்டும் அப்பாகிட்ட காமிக்கலை.

ஆனா லாரிக்கும் எங்க வண்டிக்கும் நடுவுல ஒரு டூவீலர் நின்னிருந்தா? அந்தக் கேள்வி வந்தப்புறம்தான் சட்டத்தை எடுத்துப் படிச்சேன். மோட்டார் வாகனச் சட்டத்துல 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியா சொல்லிச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவுல இதுக்குத் தண்டனையும் வந்துச்சு. அனுமதி இல்லாம மாத்தின ஓனருக்கு, மாத்தின ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லை ரெண்டும். ஓவர்லோடுக்கு 194வது பிரிவு: 20,000 ரூபா, கூடுதலா இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. வண்டி அப்பா பேர்ல இருக்கு. வேலை பார்த்தது நான், மாட்டியிருந்தா அவர்தான்.

அப்ப எதையுமே மாத்தக்கூடாதான்னா, அப்படியும் இல்லை. பாடியில கூண்டு கட்டணும்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டு, ஆர்.சி.யில ஏத்திக்கிட்டு செய்யலாம். ஆனா அந்தக் கூண்டும் எடைதான்னு பல பேர் மறந்துடறாங்க. நூறு கிலோ இரும்புல கூண்டு கட்டினா, உங்க 750ல நூறு போச்சு. எனக்கு அஞ்சு கேன். அதோட, உயரமா அடுக்க இடம் கிடைச்சா உயரமா அடுக்குவோம், வளைவுல வண்டி சாயும்.

லைட்டு மாட்டறது எல்லாரும் கேட்கிறது. கண் கூசற எல்.இ.டி. பாரை எதிர்ல வர்றவன் மூஞ்சியில அடிக்கிறதைப் பத்தி நான் பேசமாட்டேன், அது வேற சண்டை. பல மெட்டுல பாடற ஏர் ஹாரனுக்கும் சட்டத்துல இடமில்லை. லோடு ஏத்தற இடத்துல வெளிச்சத்துக்கு ரெண்டு விளக்குன்னு வெச்சுக்கோங்க. 55 வாட் ரெண்டு, மொத்தம் 110. பன்னிரண்டு வோல்ட்டால வகுத்தா ஒன்பது ஆம்பியருக்கு மேல வருது. டேஷ்போர்டுல ஏற்கெனவே இருக்கிற மெல்லிசு வயர்ல இதைச் சொருகினா வயர் சூடாகி, உருகி, பக்கத்து வயரோட ஒட்டிக்கும். வண்டி தீப்பிடிக்கிறதுல ஒரு பங்கு இந்த மாதிரி சொருகின வயர்லதான் ஆரம்பிக்குது. பேட்டரியில இருந்து தனியா கனமான வயர், பேட்டரிக்குப் பக்கத்துலேயே பதினஞ்சு ஆம்பியர் ஃபியூஸ், நடுவுல ஒரு ரிலே. ஸ்விட்சுக்குப் போறது ரிலேவைத் தட்டிவிடற சின்ன கரண்ட் மட்டும். ஃபியூஸை ஏன் பேட்டரி பக்கத்துல வைக்கணும்? வயர் எங்கே தேய்ஞ்சு ஷார்ட் ஆனாலும் அதுக்கு முன்னாடியே கட் ஆகணும்ல, அதுக்குத்தான். வண்டி அசையற இடத்துல வயரைக் குழாய்க்குள்ள விட்டுடுங்க.

இப்பல்லாம் நான் ஒரு வேலையில கை வைக்கிறதுக்கு முன்னாடி நோட்டுல எழுதிக்கிறேன். இந்த வேலை முடிஞ்சதும் வண்டி முன்னே இருந்த மாதிரி ஆகுமா, இல்லை முன்னே செய்யாத ஒண்ணைச் செய்யுமா? முதல் ரகம்னா மேனுவலைப் பார்த்து நானே செய்வேன். ரெண்டாவது ரகம்னா, அது வேற எதையெல்லாம் தொடும்னு எழுதுவேன். எழுதிக்கிட்டே போனா பாதி வேலைக்கு ஆசையே போயிடும். பிரேக்ல வீல் சிலிண்டர் மாத்தறது முதல் ரகம்தான், ஆனாலும் நான் செய்யறதில்லை. பிரேக் ஆயில் மட்டும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மெக்கானிக் அண்ணன் கூட நின்னு மாத்தறேன். அந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். புது டாட் 3 ஆயில் குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறினதுக்கு அந்த வரம்பு 140தான். கொதிச்சா ஆவி, ஆவியும் காத்து மாதிரிதான், சுருங்கும், பெடல் தரையைத் தொடும். டீசல் லைன்ல பார்த்த அதே கதை.

நாலு பட்டையையும் கழட்டியாச்சு. அப்பா ஆஸ்பத்திரியில இருந்து வந்த வாரமே கழட்டினேன். ஜன்னல் ஓரமா கட்டில்ல படுத்துக்கிட்டு அவர் பார்த்துக்கிட்டே இருந்தார். "அந்த யூ போல்ட்டைப் பத்திரமா வெய்யி, நல்ல போல்ட்டு"ன்னார். வேற ஒண்ணும் பேசலை. இப்ப காலையில ரெண்டு ட்ரிப் போறார், ஒரு ட்ரிப்புக்கு முப்பத்தஞ்சு. வெயில் காலம் உச்சத்துல மூணு ட்ரிப். முப்பத்தாறாவது கேனை யாராவது தூக்கினா "வேணாம்"னு சொல்றது இப்ப நான் இல்லை, அவர்தான்.

கால் குளிர்ல வலிக்குதுன்னு சொல்றார். கிளட்ச் இடது கால், அதனால பரவாயில்லைங்கிறார். பிரேக் வலது கால்தான்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அடுத்த எபிசோட்ல டயர் ஓரத்துல அச்சடிச்சிருக்கிற எழுத்தையும் நம்பரையும் எப்படிப் படிக்கிறதுன்னு பார்ப்போம். உங்க வண்டி டயரை போட்டோ எடுத்து அனுப்புங்க. வண்டி எத்தனை கிலோ தூக்குதுன்னு ஆர்.சி.யில பார்த்து அதையும் சேர்த்து அனுப்புங்க.